கம்பி ஏன் தொய்ய வேண்டும்?

இரண்டு மின்கம்பங்கள், நடுவே 40 மீட்டர். அவற்றுக்கு இடையே ஒரு ஃபைபர் கேபிளைக் கட்ட வேண்டும். நட்ட நடுவில் அது 40 செ.மீ. தாழ்ந்து தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விறைப்பாக நேர்க்கோட்டில் கட்டியிருந்தால் ஆகும் நீளத்தைவிட எவ்வளவு கேபிள் கூடுதலாகச் செலவாகியிருக்கும்? கேட்டால் பலர் அரை மீட்டர் என்பார்கள். விடை, ஒரே ஒரு சென்டிமீட்டர்.

கணக்கு எளிதுதான். தொய்வின் வர்க்கத்தை எட்டால் பெருக்கி, கம்ப இடைவெளியின் மூன்று மடங்கால் வகுக்க வேண்டும். 0.4 மீட்டரின் வர்க்கம் 0.16, எட்டால் பெருக்கினால் 1.28, அதை 120-ஆல் வகுத்தால் 0.0107 மீட்டர். கண்ணுக்குத் தாராளமாகத் தெரியும் அந்தத் தொங்கலுக்கு விரல் நகம் அளவு கேபிள் போதும்.

அந்த ஒரு சென்டிமீட்டரையும் மிச்சம் பிடிக்க நினைத்தால் என்ன ஆகும்? கேபிளின் எடை மீட்டருக்கு 100 கிராம் என்றால், 40 மீட்டருக்கு மொத்தமே 4 கிலோதான். ஆனால் 40 செ.மீ. தொய்வில் அது கம்பத்தை இழுக்கும் இழுவிசை சுமார் 50 கிலோ எடைக்குச் சமம். தொய்வை 10 செ.மீ. ஆக்கினால் இழுவிசை 200 கிலோவாகிவிடும். தொய்வு கால்வாசியானால் இழுப்பு நான்கு மடங்கு. தொய்வே இல்லாமல் கட்ட வேண்டுமானால் இழுப்பு முடிவிலிக்குப் போக வேண்டும். எடையுள்ள எந்தக் கம்பியையும் இரு முனைகளில் பிடித்து முற்றிலும் நேராக நிறுத்த முடியாது.

மின்வாரிய லைன்மேன்களுக்கு இது புதிதல்ல. அலுமினியக் கம்பி வெயிலில் நீள்கிறது, குளிரில் சுருங்குகிறது. 40 மீட்டர் கம்பி 25 டிகிரி குளிர்ந்தால் 2.3 செ.மீ. சுருங்கப் பார்க்கும். நண்பகலில் 40 செ.மீ. தொய்வோடு கட்டிய கம்பியிடம் விட்டுக்கொடுக்க இருப்பதோ ஒரு சென்டிமீட்டர்தான். மீதியைக் கம்பி தன்னையே இழுத்து நீட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த வெப்பநிலையில் இவ்வளவு தொய்வு விடு என்று சொல்லும் அட்டவணையைப் பார்த்துக் கட்டுகிறார்கள்.

இந்த அட்டவணைக்கு இரண்டு முனைகளிலும் வேலை வைக்கும் நிலப்பகுதி கேரளத்தின் தமிழக எல்லை. பாலக்காடு, இடுக்கி என்று சேர்த்துச் சொல்கிறோமே தவிர, இரண்டு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டும் தொடுவது தமிழ்நாட்டை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் ஜனவரி அதிகாலையில் புல்மேல் உறைபனி படியும். காற்றுக்கும் பஞ்சமில்லை. கேரளத்தின் முதல் காற்றாலைகளை மின்வாரியம் 1995-இல் நிறுவியது பாலக்காட்டுக் கணவாயில் இருக்கும் கஞ்சிக்கோட்டில். 225 கிலோவாட் திறனுள்ள ஒன்பது காற்றாலைகள். இன்னொரு காற்றாலைப் பகுதி கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் இடுக்கியின் ராமக்கல்மேடு. காற்று பலமாக வீசும் இடத்தில் கேபிளை விறைப்பாகக் கட்டினால் அது அதிரும். 12 மி.மீ. தடிமனுள்ள கேபிளில் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று மோதினால் விநாடிக்கு ஏறக்குறைய 80 முறை மேலும் கீழுமாகத் துடிக்கும். அந்தத் துடிப்பைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும் தன்மை இழுப்பு கூடக்கூடக் குறையும். கடைசியில் கேபிளைக் கம்பத்தோடு பிடித்திருக்கும் கிளாம்ப் இருக்குமிடத்தில் அது களைத்துப் போகும்.

கம்பியைத் தொய்ய விடும் கலை இந்த மலைக்குப் பழையதுதான். மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து போடிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு வான்வழிக் கம்பியில் தொங்கவிட்டு இறக்கிய காலம் ஒன்று இருந்தது. டாப் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்த சிறு ரயில் பாதையை 1924 வெள்ளம் அடித்துச் சென்றது. அதன்பின் 1940-இல் பள்ளிவாசல் புனல்மின் நிலையம் வந்தது, மின்கம்பிகள் மலையேறின. இப்போது கேரள மின்வாரியத்தின் கம்பங்களில்தான் கண்ணாடி இழையும் போகிறது. 2023 ஜூன் 5 அன்று முதல்வர் பினராயி விஜயன் தொடங்கி வைத்த, கேரள அரசின் கே-ஃபோன் இணையத் திட்டம் மின்வாரியத்தின் கம்பங்களையும் கோபுரங்களையும் துணைமின் நிலையங்களையும் பயன்படுத்தியே கட்டப்பட்டது. சுமார் 30,000 அரசு அலுவலகங்களுக்கு இணைப்பு, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்பது அதன் இலக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம், 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலையைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் எடுத்துக்கொண்டது.

கம்பத்தில் தொய்வு விடுவதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. தகராறு எல்லாம் கட்டடத்துக்குள் நுழைந்த பிறகுதான்.

சித்தூரிலோ தேவிகுளத்திலோ உடுமஞ்சோலையிலோ ஒரு அரசு அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் இழை ஒரு ரேக்கில் முடிகிறது. அங்கிருந்து ஒவ்வொரு மேசைக்கும் நான்கு ஜோடிச் செம்புக் கம்பிகள் கொண்ட கேட்-6 கேபிள் போகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது உலகெங்கும் உள்ள தரவிதி. அதில் சுவருக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் ஓடும் நிலையான பகுதி 90 மீட்டர். மீதி பத்து மீட்டர், இரு முனைகளிலும் செருகி எடுக்கும் பேட்ச் கார்டுகளுக்கு. இந்த 90 மீட்டருக்குள்ளேயே ரேக் பக்கம் சுமார் 3 மீட்டரும் மேசைப் பக்கம் சுமார் 30 செ.மீட்டரும் உபரியாக விடுவது நல்ல வழக்கம்.

எதற்கு உபரி? பள்ளிச் சீருடை தைப்பவர் பையன் வளருவான் என்று விளிம்பை உள்ளே மடித்துத் தைப்பதற்கு என்ன காரணமோ அதுதான். தாசில்தார் மாறினால் மேசை இடம் மாறும். எலி கடித்தால் கடித்த இடத்தை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்ய வேண்டும். முனை பழுதாகும் ஒவ்வொரு முறையும் சில சென்டிமீட்டர் கேபிள் வெட்டுப்படும். ரேக் பக்கத்து அறைக்குப் போனால் எல்லாக் கேபிள்களும் கூடவே போக வேண்டும். உபரி இருந்தால் அரை நாள் வேலை. இல்லையென்றால் ஆள் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்: மொத்தக் கேபிளையும் புதிதாக இழுப்பது, அல்லது ஒரு கப்ளர் போட்டு ஒட்டுப்போடுவது. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். அந்த ஒட்டு சீலிங்குக்கு மேலே ஒளிந்துகொள்ளும். இரண்டு மழைக்காலம் கழித்து யாருக்கும் அது நினைவில் இருக்காது.

செலவைப் பார்ப்போம். கேட்-6 கேபிள் 305 மீட்டர் பெட்டியாக வருகிறது. 24 இணைப்புகள் உள்ள அலுவலகத்தில் ஒவ்வொன்றுக்கும் 3.3 மீட்டர் உபரி என்றால் மொத்தம் 79 மீட்டர், அதாவது ஏறத்தாழ கால் பெட்டி. ஒப்பந்தக்காரர் மனம் அந்தக் கால் பெட்டியில்தான் சபலப்படுகிறது. கேபிள் சுவருக்குள் போய்விட்டால் அது விறைப்பாக இருக்கிறதா தளர்வாக இருக்கிறதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? என் பார்வையில் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. உபரிக்கென்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி எழுதாத அலுவலகமும் கூட்டாளிதான்.

இனி எதிர்த் தவறு. உபரி நல்லது என்று கேள்விப்பட்டு, பதினைந்து மீட்டரை இறுக்கமான வளையமாகச் சுருட்டி, பிளாஸ்டிக் டையால் கழுத்தை நெரித்துச் சீலிங்குக்கு மேல் எறிந்துவிடுவார்கள். அதைப் பார்க்கும் இன்னொருவர், ‘சுருட்டினால் மின்காந்தம் ஆகிவிடும், நெட் போய்விடும்’ என்பார். இந்த மின்காந்தக் கதை ஊரெல்லாம் உலவுகிறது, ஆனால் உண்மையல்ல. கேபிளுக்குள் இருக்கும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கம்பியில் போகும் மின்னோட்டமும் மற்றதில் வரும் மின்னோட்டமும் சம அளவில், எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. இரண்டும் பின்னிக்கொண்டே போவதால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடுகிறது. எத்தனை சுற்று சுற்றினாலும் அது காந்தச் சுருளாக வேலை செய்யாது.

கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. கேபிளை அதன் தடிமனைப் போல் நான்கு மடங்கு ஆரத்துக்குக் கீழே, அதாவது 6 மி.மீ. கேபிளை இரண்டரை சென்டிமீட்டர் ஆரத்துக்கும் சிறியதாக வளைத்தால், ஜோடிக் கம்பிகளுக்கு இடையேயான தூரம் மாறிவிடும். அந்த இடத்தில் குறிப்பலையின் ஒரு பகுதி மோதித் திரும்பும். சுருட்டி வைத்த வளையத்தில் இந்த மாற்றம் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் எல்லாத் திரும்பல்களும் ஒன்றுகூடிப் பெரிதாகிவிடும். ஆகவே உபரியைத் தட்டில் பெரிய ‘ப’ வடிவிலோ, எட்டு எண் போல அகன்றோ, துணி நாடாவால் தளர்வாகக் கட்டியோ வைப்பார்கள்.

கூடுதல் நீளத்தால் தாமதம் வரும் என்று பயப்படுவோரும் உண்டு. ஒரு மீட்டருக்குச் சுமார் 5 நானோ விநாடி. 3 மீட்டர் உபரிக்கு 15. விதி 100 மீட்டருக்கு அனுமதிப்பது 555. மறந்துவிடலாம். மறக்கக் கூடாதது வெப்பம். செம்புக் கேபிளில் குறிப்பலை தேயும் அளவு 20 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதமும், 40 டிகிரிக்கு மேல் 0.6 சதவீதமும் கூடுகிறது. பாலக்காட்டில் தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் கோடையில் 50 டிகிரி இருந்தால் தேய்வு சுமார் 14 சதவீதம் கூடிவிடும். புத்தகத்தில் இருக்கும் 90 மீட்டரில் பத்து மீட்டரை அந்த வெயிலே தின்றுவிடுகிறது. அங்கே 85 மீட்டர் இழுத்து, மேலே ஐந்து மீட்டர் உபரி விட்டவர் விதிப்படி சரி. ஆனால் ஏப்ரல் மத்தியானத்தில் அந்த மேசையில் இணைப்பு தடுமாறலாம். அதே 90 மீட்டர் மூணாற்றில் ஆண்டு முழுக்கச் சிக்கலில்லாமல் ஓடும். கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினால் (இன்றைய தரம் 90 வாட் வரை அனுமதிக்கிறது) சுருட்டி அடைத்த வளையத்தின் உட்சுற்றுகளில் சூடு வெளியேற வழியின்றித் தேங்கும். உபரியைக் காற்றோட்டமாகப் பரப்பி வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

ஃபைபரின் கதை கொஞ்சம் வேறு. கண்ணாடி இழைக்குள் ஒளி சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்பிப் பயணிக்கிறது. வளைவு மிகவும் கூர்மையானால் அது சுவரைத் தாண்டிக் கசிந்துவிடும். வழக்கமான இழைக்கு 3 செ.மீ. ஆரமே பாதுகாப்பு, வளைவைத் தாங்கும்படி செய்த புதிய வகைகள் 1 செ.மீ. வரையிலும் அதற்குக் கீழேயும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது: ஃபைபர் கேபிளுக்கு உள்ளேயே தொழிற்சாலையில் உபரி வைத்துத்தான் அனுப்புகிறார்கள். மெல்லிய இழைகள் கூழ் நிரப்பிய சிறு குழாய்களுக்குள் தளர்வாகக் கிடக்கின்றன. குழாயின் நீளத்தைவிட இழை ஆயிரத்தில் ஓரிரு பங்கு நீளம். குழாய்களும் நடுத்தண்டைச் சுற்றி முன்னும் பின்னுமாக முறுக்கப்பட்டிருக்கின்றன. காற்றில் இழுபட்டுக் கேபிள் நீண்டால், முதலில் அந்தத் தளர்வுதான் செலவாகும். கண்ணாடி இழுபடுவதற்கு முன் கேபிளுக்குள் கொஞ்சம் கைவசம் இருக்கிறது.

மலையில் உபரி இல்லாமல் பிழைக்கவே முடியாது என்பதற்குக் காரணம், பழுது பார்க்கும் முறை. அறுந்த இழையைக் கையால் முறுக்கிச் சேர்க்க முடியாது. மேலுறையை உரித்து, சுத்தம் செய்து, முனையைச் செங்குத்தாக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். அந்த மெஷின் எட்டு ஒன்பது மீட்டர் உயரக் கம்பத்தின் மேல் நிற்காது. வண்டியிலோ மேசையிலோதான் இருக்கும். ஆகவே கேபிளின் இரு முனைகளும் தரைக்கு இறங்கி வர வேண்டும். சாலையோரக் கம்பங்களில் கூட்டல் குறிபோல ஓர் இரும்புச் சட்டத்தில் வட்டமாகச் சுற்றித் தொங்கும் கருப்புக் கேபிளைப் பார்த்திருப்பீர்கள். வேலையை முடிக்காமல் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். அதுதான் லூப், பெரும்பாலும் பத்து இருபது மீட்டர் இருக்கும்.

மரம் விழுந்து கேபிள் அறுந்தால், பக்கத்து லூப்பிலிருந்து கேபிளைத் தளர்த்திக் கொண்டுவந்து ஒரே இடத்தில் ஒட்டிவிடலாம். லூப் இல்லையென்றால் இடையில் புதுத் துண்டு சேர்க்க வேண்டும். அப்போது இரண்டு இடங்களில் ஒட்டு. நல்ல ஒட்டு ஒன்றில் இழக்கும் ஒளி 0.05 டெசிபெல் அளவு. இருபது மீட்டர் லூப்பைக் கடக்கும்போது நீண்ட அலைநீளத்தில் இழப்பது 0.004 டெசிபெல். ஓர் ஒட்டின் விலையில் பத்துக்கும் மேற்பட்ட லூப்புகள் வைக்கலாம். இதைவிட மலிவான காப்பீடு எந்தப் பொறியியலிலும் அபூர்வம்.

மூணாறு–போடிமெட்டுச் சாலையை அகலப்படுத்தியபோது சாலையோரம் இருந்த எதுவும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. தேவிகுளத்தை ஒட்டிய கேப் ரோட்டில் 2019-லும் 2020-லும் பெரும் மண்சரிவுகள் நடந்தன. கம்பம் நான்கு மீட்டர் தள்ளி நடப்படும் ஊரில், நான்கு மீட்டர் தள்ளிப் போக முடியாத கேபிள் அறுந்தே தீரும். பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்கு அந்த மாவட்டத்தின் வழியாகச் சாலையில் போக முடியாது. பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்குப் பழுதுபார்க்கப் போகிறவர் கம்பத்தில் லூப் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

லூப்புக்கு ஒரு பின்விளைவு உண்டு, அனுபவமுள்ளவர்கள் இதில்தான் எச்சரிக்கையாக இருப்பார்கள். அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஓ.டி.டி.ஆர். என்ற கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிறது. அது சொல்வது கண்ணாடியின் தூரம். சாலையின் தூரம் வேறு. அரைக் கிலோமீட்டருக்கு ஒரு 20 மீட்டர் லூப் என்றால் அதுவே நூற்றுக்கு நான்கு கூடுதல். உள்ளே முறுக்கியிருப்பதற்கு இன்னும் ஓரிரு பங்கு. கருவி 7 கி.மீ. என்று காட்டினால் பழுது சாலையில் 6.6 கி.மீட்டருக்கு அருகில் இருக்கும். எந்தக் கம்பத்தில் எத்தனை மீட்டர் என்று குறித்து வைக்காதவர், ஆடி மாதச் சாரலில், மூடுபனியில், நானூறு மீட்டர் தள்ளி வேறு கம்பத்தில் ஏறிக்கொண்டிருப்பார்.

மழை என்றதும் இன்னொரு தொய்வு. கம்பத்திலிருந்து கட்டடத்துக்குள் நுழையும் கேபிள், சுவரில் உள்ள துளைக்குக் கீழே ஒரு வளைவு இறங்கி, பிறகு மேலேறி உள்ளே போக வேண்டும். கேபிள்மீது வழிந்து வரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். நேராக இழுத்து நுழைத்துவிட்டால் தென்மேற்குப் பருவமழை முழுதும் அந்தக் கேபிள் வழியே ரேக்குக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். ஒரு முழம் கேபிளில் தீரும் காரியம். இதைச் செய்யாத சுவரைப் பார்த்தாலே தெரியும், துளைக்குக் கீழே பச்சைப் பாசி.

தொய்வால் ஆகாததும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள், பெரும்பாலோர் தமிழர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாமல் கிடந்ததால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. மலையே இடம் பெயரும்போது இருபது மீட்டர் லூப் எதையும் காப்பாற்றாது. அதற்கு வேண்டியது இரண்டாவது பாதை: ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றி வரும் வளைய இணைப்பும், மின்சாரம் போனாலும் நிற்காத கோபுரமும். லூப் வைத்துவிட்டோம் என்று அந்தச் செலவைத் தள்ளிப்போடுவது ஏமாற்று வேலை.

கட்டடத்துக்குள் அவ்வளவு பெரிய ஆபத்து எதுவும் இல்லை. அங்கே வேண்டியது ஒப்பந்தத்தில் இரண்டு வரி. ஒவ்வொரு இணைப்புக்கும் எத்தனை மீட்டர் உபரி, அதற்கும் சேர்த்தே பணம் என்பது ஒன்று. உபரி எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கிறது என்று வரைந்த தாளை ஒப்படைக்க வேண்டும் என்பது மற்றது. உங்கள் அலுவலகத்தில் கேபிள் வேலை நடக்கிறதென்றால், சீலிங் மூடுவதற்கு முன் ஒரு முறை ஏணியில் ஏறிப் பாருங்கள். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.